29 நிமிடத்தில் 14 பாட்டு

அவையோருக்கு வணக்கம்.

வேகமும் இரைச்சலுமான பங்க் ராக் இசைக்குப் பேர்போன அமெரிக்கக் குழு ரமோன்ஸின் முதல் ஆல்பத்தை இனிமேல்தான் கேட்கப்போகிறீர்கள் என்றால், தயவுசெய்து ஹெட்போனில் கேளுங்கள். வலது பக்கத்தைக் கழற்றினால் ஜானியின் கிட்டார் மறைந்துவிடும். இடது பக்கத்தைக் கழற்றினால் டீ டீயின் பேஸ் கிட்டார் போய்விடும். ஜோயியின் குரலும் டாமியின் டிரம்ஸும் நடுவில் நிற்கும். பீட்டில்ஸின் ஆரம்பகால ஸ்டீரியோ தட்டுகளைப் போல வேண்டுமென்றே இப்படிப் பிரித்து வைத்தார்கள்.

1976 பிப்ரவரியில் நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹால் கட்டடத்தில் இருந்த பிளாசா சவுண்ட் ஸ்டுடியோவில் பதிவு நடந்தது. செலவு சுமார் 6,400 டாலர். ஏப்ரலில் சைர் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்டது.

வாசிக்கத் தெரியாததால்தான் இவ்வளவு எளிமை என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ஜானியின் வலது கையைக் கவனியுங்கள். மேலும் கீழுமாக அடித்தால் வேகம் சுலபமாக வரும். அவரோ கம்பிகளைக் கீழ்நோக்கி மட்டுமே அடிக்கிறார், அதே வேகத்தில், பாட்டு முழுக்க. கிட்டார் பழகியவர்கள் வீட்டில் முயன்று பாருங்கள், இரண்டு நிமிடத்துக்குள் முன்கை கடுத்துப்போகும். அந்த இடைவிடாத இரைச்சல் முழுக்க உடலுழைப்பு. சோலோ, அதாவது கிட்டார் மட்டும் தனித்து வாசிக்கும் பகுதி, எதுவும் கிடையாது என்றே சொல்லலாம். அன்றைய ராக் இசைக்குழுக்கள் பத்து நிமிடம் சோலோ வாசித்துக்கொண்டிருந்த காலம் அது!

முதல் பாட்டு 'பிளிட்ஸ்க்ரீக் பாப்'. அதன் "ஹே ஹோ" கோஷம் பள்ளி மாணவிகள் கொண்டாடிய பே சிட்டி ரோலர்ஸ் குழுவின் பாட்டைக் கேட்டுப் பிறந்தது. பங்க் என்றாலே கோபம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இவர்களுக்கு அறுபதுகளின் பாப் மெட்டுகள் மீது அவ்வளவு ஆசை. 'ஐ வான்னா பி யுவர் பாய்ஃபிரெண்ட்' வந்ததும் ஜோயி எப்படிக் குழைகிறார் என்று பாருங்கள். எனக்கு இந்த ஆல்பத்தின் உயிர் அந்தப் பாட்டில்தான் இருக்கிறது.

கடைசிப் பாட்டின் நாஜி குறிப்புகள் மட்டும் எனக்கு இன்றும் உறுத்தல்தான். இத்தனைக்கும் ஜோயி, டாமி இருவரும் யூதர்கள். டாமியின் பெற்றோர் நாஜிகளின் யூதப் படுகொலையிலிருந்து தப்பியவர்கள். சைர் நிறுவனமே ஒரு வரியை மாற்றச் சொன்னது.

வெளியான ஆண்டில் அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் இந்த ஆல்பம் 111-ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. அமெரிக்காவில் ஐந்து லட்சம் பிரதிகளுக்கான தங்கத் தட்டுச் சான்று கிடைத்தது 2014-இல். அதற்குள் ஜோயி, டீ டீ, ஜானி மூவரும் இறந்துவிட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் டாமியும்.

இதைக் கேட்டு முடித்ததும் இவர்களின் அடுத்த ஆல்பங்களான 'லீவ் ஹோம்', பிறகு 'ராக்கெட் டு ரஷ்யா' என்று போங்கள். இரண்டும் 1977-இல் வந்தவை, இதே வரிசையில் கேட்டால்தான் வளர்ச்சி பிடிபடும்.