டேவிட் சூஷே ஒரே வேடத்தில் முடங்கிப்போனாரா? – நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "பிரிட்டிஷ் நடிகர் டேவிட் சூஷே, துப்பறியும் கதை எழுத்தாளர் அகதா கிறிஸ்டி படைத்த ஹெர்குல் பொய்ரோவாகவே கால் நூற்றாண்டு தொலைக்காட்சியில் நடித்தார். இவ்வளவு பெரிய நடிகர் ஒரு துப்பறிவாளர் வேடத்திலேயே முடங்கிப்போனது வருத்தமில்லையா?"

எனக்குத் துளியும் வருத்தமில்லை. அவர் முடங்கவும் இல்லை. 1973 முதல் ராயல் ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவில் இயாகோ, ஷைலாக் என்று மேடையில் பழுத்தவர் அவர். பொய்ரோ தொடர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளிலேயே 'அமடேயஸ்' நாடகத்தில் இசையமைப்பாளர் சாலியேரியாக நடித்தார். பத்திரிகை அதிபர் ராபர்ட் மேக்ஸ்வெல்லாக நடித்து சர்வதேச எம்மி விருதும் பெற்றார்.

1985இல் வந்த ஒரு தொலைக்காட்சிப் படத்தில் பீட்டர் உஸ்தினோவ்தான் பொய்ரோ. சூஷே அதில் பொய்ரோ கதைகளில் வரும் போலீஸ்காரர் இன்ஸ்பெக்டர் ஜாப்! அந்த நடிப்பு படுமோசம் என்று பின்னாளில் அவரே சொன்னார். பொய்ரோ வேடம் தேடி வந்ததும் அகதா கிறிஸ்டியின் கதைகளை வரிவரியாகப் படித்து, பொய்ரோவின் குணங்களை எண் போட்டு எழுதி வைத்தார். மொத்தம் 93. காப்பியில் எத்தனை சர்க்கரைக் கட்டி என்பதுகூட அதில் உண்டு.

அந்த நடையைக் கவனித்திருக்கிறீர்களா? சின்னச் சின்ன அடி, விறுவிறுப்பு, ஆனால் இடுப்புக்கு மேலே அசைவே இருக்காது. பிருஷ்டத்துக்கு நடுவே ஒரு நாணயத்தை இடுக்கிக்கொண்டு, அது விழாமல் நடந்து நடந்து பிடித்த நடை அது. குரலையும் மாற்றினார். அவருடைய சொந்தக் குரல் நெஞ்சிலிருந்து வருவது; பொய்ரோவின் குரலைத் தலைக்கு ஏற்றினார்.

தொடக்க நாள்களில் ஒரு காட்சி. பொய்ரோ பூங்கா பெஞ்சில் உட்கார வேண்டும். கைக்குட்டையால் துடைத்து, அதையே விரித்து, அதன்மேல்தான் உட்காருவேன் என்றார் சூஷே. பார்ப்பவர்கள் சிரிப்பார்கள் என்று இயக்குநர் மறுத்தார். படப்பிடிப்பு நின்றது. கடைசியில் தயாரிப்பாளர் பிரையன் ஈஸ்ட்மன் சூஷேயின் பக்கம் நின்றார். ஒரு கைக்குட்டைக்காகவா இத்தனை சண்டை என்று சிலர் நினைக்கலாம். அந்தக் கைக்குட்டை இல்லாவிட்டால் பெஞ்சில் உட்காருவது பொய்ரோ அல்ல, ஒட்டுமீசை வைத்த யாரோ ஒருவர். பொய்ரோவைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது, அவரோடு சேர்ந்து சிரிக்கலாம் என்று கிறிஸ்டியின் மகள் ரோசலிண்ட் ஹிக்ஸ் சூஷேயிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வாக்கை அவர் 70 பகுதிகளிலும் காப்பாற்றினார்.

நடித்து நடித்து அலுத்துப்போனவர் என்றால் முடிவை இப்படித் திட்டமிட்டிருப்பாரா, பாருங்கள். பொய்ரோ இறந்துபோகும் 'கர்ட்டன்' 2013 நவம்பரில் கடைசியாக ஒளிபரப்பானது. ஆனால் கடைசியாகப் படமாக்கியது அதையல்ல. சாவுக் காட்சியோடு விடைபெற சூஷேக்கு மனமில்லை. அதனால் அதை முன்கூட்டியே எடுத்து முடித்தார்கள். கடைசிப் படப்பிடிப்பு 'டெட் மேன்ஸ் ஃபாலி' கதைக்காக டெவன் பகுதியில் கிரீன்வே என்ற வீட்டில் நடந்தது. அகதா கிறிஸ்டியின் சொந்த வீடு அது. அங்கே, உயிரோடு இருக்கும் பொய்ரோவாகவே அவர் கேமராவிடம் விடைபெற்றார்.