ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், ஆஸ்பத்திரிப் புல்வெளியில் 16 பேர்!

வணக்கம் மக்களே! 1948 ஜூலை 29, லண்டனில் ஒலிம்பிக் தொடக்க விழா. அதே நாளில், லண்டனுக்கு வெளியே ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரிப் புல்வெளியில் 14 ஆண்களும் 2 பெண்களும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வில் விட்டார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான ஒலிம்பிக்கான பாராலிம்பிக்கின் பிள்ளையார் சுழி அதுதான்.

ஏன் வில்? எனக்கு ரொம்பப் பிடித்த இடமே இதுதான், ஸ்கிப் பண்ணிவிடாதீர்கள்.

அந்தப் போட்டியை நடத்தியவர் டாக்டர் லுட்விக் குட்மேன், ஹிட்லர் ஆட்சியிலிருந்து தப்பி இங்கிலாந்து வந்த யூதர். அந்தக் காலத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டால் படுக்கைப் புண், சிறுநீர்த் தொற்று, பிறகு சாவு. 1944இல் ஸ்டோக் மாண்டவிலில் முதுகுத்தண்டு வார்டைக் கையில் எடுத்த குட்மேன், ராப்பகலாக 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்தார். புண் ஆறியது. அப்புறம் விளையாட வைத்தார். நாணை இழுக்கத் தோள், முதுகு, கை மூன்றும் வேண்டும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு உடம்பைத் தூக்கி மாற்றிக்கொள்ளவும் அதே தசைகள்தான். ஆக, வில்தான் மருந்து!

இது நம் வேலூருக்குப் புரியாத கதையா? புளி உலுக்க ஏறி விழுந்தவர், தென்னையிலிருந்து விழுந்தவர் என்று ஊருக்கு ஒருவராவது இருப்பார். நம் சிஎம்சி ஆஸ்பத்திரி டாக்டர் மேரி வர்கீஸுக்கே 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். 1966இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் அவரால் வந்தது. சிகிச்சை முடிந்து வீடு போனவர்கள் அங்கே 'ரீஹேப் மேளா'வுக்குத் திரும்பி வந்து விளையாடுகிறார்கள். ஸ்டோக் மாண்டவில் புல்வெளி நமக்கு டவுன் பஸ் தூரம்தான் மக்களே!

சரி, வரலாற்றை வேகமாக ஓட்டிவிடலாம். 1960 ரோமில் முதல் பாராலிம்பிக், 23 நாடுகள், சுமார் 400 பேர். 1976இல் பார்வையற்றவர்களும் கை கால் இழந்தவர்களும் சேர்ந்தார்கள். 1988 சியோலில் ஒலிம்பிக் நடந்த மைதானங்களே கிடைத்தன. 2024 பாரிஸில் 4,000 பேருக்கு மேல். இந்தியாவுக்கு 29 பதக்கம். சேலத்து மாரியப்பன் 2016இல் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்று உயரம் தாண்டுதலில் மூன்றையும் வாங்கிவிட்டார்.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்த வீடியோ, ஜம்மு-காஷ்மீர்ப் பெண் சீத்தல் தேவியுடையது. பிறவியிலேயே இரண்டு கையும் இல்லை. வலது பாதத்தால் வில்லைப் பிடித்துத் தூக்குகிறார். நாண் தோளில் மாட்டிய கருவியில் இருக்கிறது. காலை நீட்ட நீட்ட வில் வளைகிறது. தாடையை லேசாக அசைக்கிறார், அம்பு போய்விட்டது! பாரிஸில் ராகேஷ் குமாரோடு சேர்ந்து வெண்கலம், அப்போது வயது 17. அதே பாரிஸில் ஹர்விந்தர் சிங்குக்கு வில்வித்தையில் தங்கம்.

ஒன்றே ஒன்று மனதை உறுத்துகிறது. 1960 ரோமில் வீரர்கள் தங்கிய கட்டடத்தில் படிக்கட்டு. ராணுவ வீரர்கள்தான் நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். காட்பாடி, ஆற்காடு, குடியாத்தம், ஆம்பூர் மக்களே, உங்கள் பக்கத்து மைதானத்தில் யாரும் தூக்காமல் சக்கர நாற்காலி உள்ளே போக முடியுமா? நாளைக்கே போய்ப் பார்த்துவிட்டு, ஊர்ப் பேரோடு கமென்ட்டில் எழுதுங்கள்.