வளர்க்க வந்தோமா, மாற்ற வந்தோமா?

நடுவர் அவர்களே! அகதிப் பிள்ளையை வளர்ப்புக் குடும்பம் தன் பிள்ளையாகவே மாற்றிக்கொள்ள வேண்டும் என்கிறது எதிரணி. பெற்றவர்களுக்காகக் காத்து வளர்க்க வேண்டும் என்பது எங்கள் கட்சி. "பாசம் இருந்தால் பாஷை எதற்கு?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிவிட்டுப் போனார் எதிரணித் தலைவர். நானும்தான் தட்டினேன், கேட்க நன்றாக இருந்தது!

ஆனால் கியூபாவில் நடந்தது என்ன? 1960 டிசம்பரிலிருந்து 1962 அக்டோபர் வரை, 'பெட்ரோ பான்' ஏற்பாட்டில் ஹவானாவிலிருந்து அமெரிக்காவின் மயாமிக்குப் பெற்றோரில்லாமல் விமானமேறிய பிள்ளைகள் 14,000-க்கும் மேல். அநாதைகள் இல்லை ஐயா! சீக்கிரம் வந்துவிடுவோம் என்று அப்பா அம்மாவே ஏற்றி அனுப்பிய பிள்ளைகள். கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் வைக்கப்பட்டதால் அமெரிக்காவோடு மூண்ட ஏவுகணை நெருக்கடியில் விமானம் நின்றது. திரும்ப ஒழுங்காகப் பறக்க 1965 டிசம்பர் ஆயிற்று. அதற்குள் சின்ன வயதில் வந்த பலருக்கு ஸ்பானிய மொழி மறந்தே போயிற்று. கடைசியில் வந்து இறங்கிய தாயோடு எந்தப் பாஷையில் பேசுவது?

காத்து வளர்ப்பது எப்படி? முதலில் பள்ளிப் படிவம். கியூபர்களுக்கு இரண்டு குடும்பப் பெயர்: அப்பாவுடையது முன்னால், அம்மாவுடையது பின்னால். அமெரிக்க எழுத்தர் கடைசிப் பெயரை மட்டும் பிடித்துக்கொள்வார். அப்பா பெயர் நடுவில் தொலையும், பிறகு ஒரு சான்றிதழும் இன்னொன்றோடு ஒத்துப்போகாது. இரண்டையும் சிறுகோடு போட்டுச் சேர்த்து எழுதுங்கள்.

"அம்மா என்று கூப்பிடு" என்று வற்புறுத்தாதீர்கள். ஸ்பானிய மொழியில் 'தியா' என்று, அத்தை முறை வைத்து அழைக்கட்டும். பெற்றவர்களுக்கு வாரம் ஒரு கடிதம் ஸ்பானிய மொழியில், மூலையில் வரிசை எண் போட்டு. இடையில் தொலைந்தது எது என்று அங்கே தெரிந்துவிடும்.

அந்தப் பிள்ளையின் ஊர்ச் சாப்பாட்டுக்காக அடுப்படிக்கும் போவோம். அரைக் கிலோ கருப்பு பீன்ஸை இரவே ஊறவைத்து, மறுநாள் சிறுதீயில் வேகவிடுங்கள். வெங்காயம், குடைமிளகாய், பூண்டு வதக்கி, சீரகம் தூவிக் கொட்டுங்கள். வினிகர் ஒரு மேஜைக்கரண்டி, இறக்கும்போது மட்டும்! முன்னால் ஊற்றினால், புளி விட்ட பருப்பு மாதிரி வேகாமல் அடம்பிடிக்கும். உப்பு போதுமா என்று அந்தப் பிள்ளையே ருசி பார்த்துச் சொல்லட்டும்.

இப்படி வளர்த்தால் அமெரிக்காவில் தேறாது என்றார்களே, மெல் மார்ட்டினெஸ் யார்? இதே பெட்ரோ பான் ஏற்பாட்டில் 1962-ல் 15 வயதில் வந்து, ஆர்லாண்டோவில் வளர்ப்புக் குடும்பங்களோடு இருந்தவர். பெற்றோர் வந்து சேர்ந்தது 1966-ல். 2005-ல் அமெரிக்க செனட் உறுப்பினராக, அந்த அவையிலேயே எழுந்து ஸ்பானிய மொழியில் பேசினார். எதிரணி இதற்குப் பதில் சொல்லட்டும்!