மெய்ட்லாண்டின் ஓடாவி

நேயர்களுக்கு வணக்கம்.

மரக்கலம் கட்டும் தச்சரை நம் கடலோர ஊர்களில் ஓடாவி என்று அழைப்பது வழக்கம். அப்படிப்பட்ட ஓடாவி ஒருவர், கனடாவின் கிழக்குக் கரையில் உள்ள நோவா ஸ்கோஷியா பிரிட்டிஷ் குடியேற்ற நாடாக இருந்த காலத்தில், பட்டறையிலிருந்து சட்டமன்றத்துக்குச் சென்றார். எட்டு ஆண்டுகள் அங்கே உறுப்பினராக இருந்துவிட்டு, மீண்டும் பட்டறையில் முழுமூச்சாக இறங்கி, பெருங்கப்பல் ஒன்றைக் கட்டினார். அவர் பெயர் வில்லியம் டாசன் லாரன்ஸ்.

1817இல் அயர்லாந்தில் பிறந்த லாரன்ஸ், குழந்தையாக இருக்கும்போதே பெற்றோருடன் நோவா ஸ்கோஷியாவின் ஹான்ட்ஸ் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தார். ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் டார்ட்மத்தில், ஒரு கப்பல் பட்டறையில் வேலை செய்து தொழிலைக் கற்றுக்கொண்டார். பின்னர் ஷுபெனகாடி ஆறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ள மெய்ட்லாண்ட் என்ற சிற்றூரில் சொந்தப் பட்டறை அமைத்துக்கொண்டார்.

அந்த இடத்தின் இயல்பைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மெய்ட்லாண்ட் இருப்பது ஃபண்டி விரிகுடாவின் உள்மூலையில். உலகிலேயே மிக உயர்ந்த ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், நிகழ்வது அங்கேதான். ஓதம் மிகுந்த நாட்களில் கடல்மட்டம் ஏறத்தாழ 16 மீட்டர் உயர்ந்து தாழ்கிறது. ஐந்து மாடிக் கட்டடத்தின் உயரத்துக்கு நீர் வந்து நின்றுவிட்டு, ஆறு மணி நேரத்தில் வெறும் செஞ்சேற்றை விட்டுவிட்டுப் போய்விடும். வேறெங்கும் கப்பல் கட்டுவோருக்குத் தொல்லையாக இருந்திருக்கக்கூடிய இந்த ஓதம், மெய்ட்லாண்ட் ஓடாவிகளுக்கு வரமாக அமைந்தது. நீர் வற்றிய கரையில் கால் நனையாமல் கலத்தைக் கட்டலாம். நீர் பெருகும் நாளில் அதை அதன் எடையாலேயே சறுக்கிக் கடலில் இறக்கலாம்.

அக்காலக் கப்பலுக்குக் காகித வரைபடத்தைவிட முக்கியமானது கையளவு மரப்பொம்மைதான். அதைப் பாதி மாதிரி என்பார்கள். கப்பலை நெடுக்காகப் பிளந்தால் ஒரு பக்கம் எப்படி இருக்குமோ அந்த உருவத்தை, மெல்லிய பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செதுக்குவார்கள். வடிவம் கண்ணுக்கு நிறைவாக வந்ததும் பலகைகளைத் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றின் விளிம்பையும் அளந்து, அந்த அளவைப் பலமடங்கு பெருக்கிப் பட்டறைத் தரையில் கோடு கிழிப்பார்கள். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் வங்குக்கால்களுக்கு, அதாவது கப்பலின் விலா எலும்புகள் போன்ற வளைகட்டைகளுக்கு, மரம் அறுப்பார்கள். மாதிரியில் ஒரு மயிரிழை பிசகினால் கப்பலில் அது ஒரு சாண் பிசகாகும்.

இத்தகைய கணக்கில் ஊறிய மனிதர் 1863இல் நோவா ஸ்கோஷியா சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அங்கே பேசப்பட்டது இன்னொரு வகைக் கணக்கு. பிரிட்டனின் வட அமெரிக்கக் குடியேற்ற நாடுகளை இணைத்து ஒரே கூட்டாட்சி அமைக்க வேண்டும் என்ற திட்டம் எழுந்திருந்தது. நோவா ஸ்கோஷியாவின் தலைமை அமைச்சர் சார்லஸ் டப்பர் அதன் தீவிர ஆதரவாளர். 1866 ஏப்ரலில், மக்களிடம் வாக்குக் கேட்காமலேயே, 31க்கு 19 என்ற கணக்கில் இணைப்புத் தீர்மானத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றிக்கொண்டார். இணைப்பை எதிர்த்து நின்றவர்களில் லாரன்ஸ் ஒருவர்.

இந்த எதிர்ப்பைப் பழைமைப் பற்று என்று ஒதுக்கிவிடுவது எளிது. நான் அப்படிக் கருதவில்லை. நோவா ஸ்கோஷியாவின் பாய்மரக் கப்பல்கள் லிவர்பூலுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் பாஸ்டனுக்கும் போய்வந்துகொண்டிருந்தன. ஆனால் கியூபெக்குக்கும் ஒன்டாரியோவுக்கும் செல்ல அந்நாட்டிலிருந்து ஒரு நேரடி ரயில்பாதைகூட அப்போது கிடையாது. கடலைப் பார்த்து வாசல் வைத்துக் கட்டிய வீட்டை உள்நாட்டைப் பார்த்துத் திருப்பி வைக்கச் சொன்னால், கப்பல் கட்டுகிறவர் எப்படி ஒப்புவார்? இணைப்பால் இறக்குமதித் தீர்வையும் உயரவிருந்தது. பாய்த்துணி, நங்கூரம், இரும்புச் சங்கிலி ஆகியவற்றைக் கடல்கடந்து வரவழைக்கும் தொழிலில் தீர்வை ஏறினால் அது நேராகக் கப்பலின் விலையில் வந்து விழும். இணைந்தால் மாகாண அரசுக்குக் கூட்டாட்சி அரசு தலைக்கு 80 சென்ட் மானியம் தரும் என்ற பேரத்தை எதிர்ப்பாளர் தலைவர் ஜோசப் ஹோ, ஓர் ஆட்டுத்தோலின் விலைக்கு மக்களை விற்பதாகக் கேலி செய்தார்.

1867 ஜூலை முதல் தேதி கூட்டாட்சி நடைமுறைக்கு வந்தது. செப்டம்பரில் நடந்த மாகாணத் தேர்தலில் 38 இடங்களில் 36ஐ எதிர்ப்பாளர்கள் கைப்பற்றினார்கள். லாரன்ஸும் மீண்டும் வென்றார். அவ்வளவு பெரிய வெற்றியால் ஆன பயன் ஒன்றுமில்லை. இணைப்பை ரத்து செய்யக் கோரி ஹோ லண்டனுக்குச் சென்றார். பிரிட்டிஷ் அரசு மறுத்துவிட்டது. 1869இல் அதே ஹோ கூடுதல் நிதியைப் பெற்றுக்கொண்டு ஒட்டாவாவில் இருந்த கூட்டாட்சி அமைச்சரவையிலேயே சேர்ந்துவிட்டார். 1871இல் லாரன்ஸின் சட்டமன்ற வாழ்க்கை முடிந்தது.

அடுத்து அவர் செய்ததுதான் வியப்புக்குரியது. நீராவிக் கப்பல்கள் பெருகிவந்த, சூயஸ் கால்வாய் திறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில், அவர் மரத்தால் மாபெரும் பாய்க்கப்பல் ஒன்றைக் கட்டத் துணிந்தார். கப்பலின் கொள்ளளவை இரண்டு மடங்காக்கினால் மாலுமிகளின் எண்ணிக்கையை இரண்டு மடங்காக்க வேண்டியதில்லை என்பது அவர் கணக்கு. தம் வீட்டுக்கு எதிரிலேயே கப்பலின் முதுகெலும்பான ஏராக் கட்டையைப் பதித்தார். 262 அடி நீளம், 2,459 டன் கொள்ளளவு, மூன்று பாய்மரங்கள். நடுமரம் மட்டும் 200 அடி உயரம். செலவு ஒரு லட்சத்து ஏழாயிரம் டாலரைத் தாண்டியது. குடியிருந்த வீட்டையே அடகு வைத்தார். கப்பலுக்குத் தம் பெயரையே சூட்டினார். அடகு வைத்தவருக்கு அந்த உரிமைகூட இல்லையா என்ன?

1874 அக்டோபர் 27 அன்று ஓதம் உச்சத்தை எட்டும் நேரத்துக்காகக் கரையில் ஏறத்தாழ நாலாயிரம் பேர் காத்திருந்தார்கள். கொழுப்புத் தடவிய சறுக்குக் கட்டைகளின்மேல் நிற்கும் கப்பலை இறக்குவதற்குப் பொறுமை வேண்டும். அடியில் முட்டுக் கொடுத்திருக்கும் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுப்பார்கள். சில நிமிடங்கள் தாமதித்தால் நீர் இறங்கத் தொடங்கிவிடும். பிறகு இறக்கினால் கப்பல் சேற்றில் முதுகொடிந்து கிடக்கும். லாரன்ஸின் கப்பல் பழுதின்றி நீரில் இறங்கியது. கனடாவில் கட்டப்பட்ட முழுப்பாய் மரக்கப்பல்களில், அதாவது எல்லாப் பாய்மரங்களிலும் சதுரப் பாய் கட்டியவற்றில், அதுவே மிகப் பெரியதாக இன்றும் எண்ணப்படுகிறது. கியூபெக்கில் அதற்கு முன்பு, கரைசேர்ந்ததும் பிரித்து மரமாக விற்பதற்கென்று கட்டிய ராட்சதக் கலங்களை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஜேம்ஸ் எல்லிஸ் கேப்டனாக இருக்க, 57 வயது லாரன்ஸும் அந்தக் கப்பலில் ஏறி உலகைச் சுற்றினார். ஏடனுக்கு நிலக்கரி, பெரு நாட்டிலிருந்து கடற்பறவை எச்ச உரம் என்று கிடைத்த சரக்கையெல்லாம் ஏற்றிச் சென்ற கப்பல், கடனை அடைத்து லாபமும் ஈட்டிக் கொடுத்தது. சட்டமன்றத்தில் எடுபடாத மனிதரின் கணக்கு கடலில் பலித்துவிட்டது. ஆனால் அது கடைசித் தலைமுறையின் வெற்றி. அதைப் பார்த்து அதைவிடப் பெரிய மரக்கப்பலை மெய்ட்லாண்டில் எவரும் கட்டவில்லை.

1883இல் கப்பலை நார்வேக்காரர்களுக்கு விற்றார்; அவர்கள் பெயரை மாற்றிக்கொண்டார்கள். 1886இல் லாரன்ஸ் காலமானார். 1891இல் ஆங்கிலக் கால்வாயில் தரைதட்டிய கப்பலின் உடல், பின்னர் பாய்மரங்கள் இல்லாமல், ஆப்பிரிக்காவின் டக்கார் துறைமுகத்தில் சரக்குத் தெப்பமாக மிதந்தது. மெய்ட்லாண்டில் அவருடைய வீடு இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. கப்பலின் மேல்தளத்தை நினைவூட்டும் இரட்டைப் படிக்கட்டு வாசலைக் கடந்து உள்ளே சென்றால், அந்தப் பெருங்கப்பலுக்காகச் செதுக்கப்பட்ட பாதி மாதிரியைக் காணலாம்.