1947-இல் போட்ட பூட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கப் பழமைவாதிகளுக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. தேர்தலில் ஜெயிக்கிறோம், வெள்ளை மாளிகையைப் பிடிக்கிறோம், காங்கிரஸின் இரு அவைகளும் கைக்கு வருகின்றன. ஆனால் எதிர்த்தரப்பு கொண்டுவந்த பெரிய சட்டம் எதையும் ஒழிக்க முடியவில்லை, நாம் கொண்டுவருவது நிற்பதும் இல்லை என்று அவர்கள் புலம்புவார்கள். கல்லூரியில் அரசியல் பாடம் நடத்திய காலத்தில் நானும் இதைப் பாதி நம்பினேன். இப்போது நம்பவில்லை.

இந்தப் புலம்பலுக்குச் சான்றாக எல்லாரும் காட்டுவது 2017 ஜூலை 28-ஐ. நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி இருக்கும். ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டமான ஒபாமாகேரை உடைக்கும் மசோதா மீது, காங்கிரஸின் மேலவையான செனட்டில் வாக்கெடுப்பு நடக்கிறது. பழமைவாதிகளின் கட்சியான குடியரசுக் கட்சி தேர்தலுக்குத் தேர்தல் கொடுத்துவந்த வாக்குறுதி அது. அதே கட்சியைச் சேர்ந்த அரிசோனாவின் ஜான் மெக்கெய்ன் அவைக்குள் வருகிறார். அவருக்கு மூளைப் புற்றுநோய் என்று தெரிந்ததே அந்த மாதத்தில்தான். மேசை முன் நின்று கையை நீட்டுகிறார், ஒரு கணம் அப்படியே வைத்திருக்கிறார், பிறகு கட்டைவிரலைக் கீழே கவிழ்க்கிறார். செனட்டில் அந்தக் கட்சியின் தலைவரான மிட்ச் மெக்கானெல் சில அடி தள்ளிக் கைகட்டி நிற்கிறார். ஆதரவு 49, எதிர்ப்பு 51. மசோதா விழுந்தது.

அன்று தோற்றதற்குக் காரணம் ஒரு மனிதரின் கட்டைவிரல் மட்டும் இல்லை. ஏழைகளுக்கான மெடிக்கெய்டு காப்பீட்டை ஒபாமாகேரின் கீழ் அதற்குள் 31 மாநிலங்கள் விரிவுபடுத்தியிருந்தன. மெக்கெய்னின் அரிசோனாவில் அதைச் செய்தவரே குடியரசுக் கட்சி ஆளுநர் ஜேன் ப்ரூவர்தான். மருத்துவமனையில் காட்டுகிற அட்டை ஒருவர் சட்டைப்பையில் இருக்கும்போது, அதைத் திருப்பிக் கொடு என்று கேட்க எந்த அரசியல்வாதிக்கும் வாய் வராது. 2005-இல் புஷ் முதியோர் ஓய்வூதியத்தின் ஒரு பகுதியைத் தனியார் கணக்குக்கு மாற்ற முயன்றார். அது வாக்கெடுப்பு வரைகூடப் போகவில்லை.

ஆனால் அதே 2017 டிசம்பரில் நடந்ததைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒபாமாகேரின்படி காப்பீடு எடுக்காதவர் கட்ட வேண்டிய அபராதத்தை வரிச் சட்டத்தின் ஒரு பிரிவு பூஜ்யமாக்கியது. ஜூலையில் முன்வாசலில் முட்டி மோதித் தோற்றவர்கள், டிசம்பரில் பின்வாசல் வழியாக வந்து ஒரு தூணை எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்து ஜனநாயகக் கட்சி ஆட்சிக்கு வந்தபோதும் அபராதம் திரும்பி வரவில்லை.

இப்படிச் சத்தமில்லாமல் செய்யும் வேலைக்கு மூத்த உதாரணம், தொழிற்சங்கங்களைக் கட்டுப்படுத்த வந்த 1947-இன் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம். அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

போர் முடிந்த மறு ஆண்டு, 1946-இல், சுமார் 46 லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நிலக்கரி, எஃகு, ரயில் என்று எல்லாம் நின்றன. மக்கள் சலித்துப்போனார்கள். அந்த நவம்பரில் இரு அவைகளும் குடியரசுக் கட்சியிடம் போயின. மறு ஆண்டு செனட்டர் ராபர்ட் டாஃப்டும் பிரதிநிதி ஃப்ரெட் ஹார்ட்லியும் கொண்டுவந்த மசோதாவை ஜனநாயகக் கட்சி ஜனாதிபதி ட்ரூமன் வீட்டோ செய்தார், அதாவது கையெழுத்திட மறுத்துத் திருப்பி அனுப்பினார். மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் வாக்கு திரட்டி அந்த வீட்டோவை முறியடித்தார்கள். ட்ரூமனின் சொந்தக் கட்சியிலேயே, குறிப்பாகத் தென்மாநிலங்களைச் சேர்ந்த பலர், அவருக்கு எதிராக வாக்களித்தார்கள்.

அந்தச் சட்டத்தின் 14(பி) பிரிவு ஒரே ஒரு வாக்கியம். தொழிற்சங்கத்தில் சேர்ந்தால்தான் வேலை என்ற ஒப்பந்தத்தை ஒரு மாநிலம் தடைசெய்தால் அந்தத் தடை செல்லும் என்பதே அதன் சாரம். அதனால் என்ன ஆகும்? ஓர் ஆலையில் 100 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சங்கம் பேசிப் பெறும் சம்பள உயர்வு 100 பேருக்கும் உண்டு. ஒருவரை வேலையைவிட்டு நீக்கினால், அவர் சந்தா கட்டாதவராக இருந்தாலும், அவருக்காகவும் சங்கம் நியாயமாக வாதாட வேண்டும்; சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆனால் சந்தா கட்டு என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. முதல் ஆண்டு பத்துப் பேர் நிறுத்துவார்கள். கட்டுகிற தொண்ணூறு பேரில் இன்னும் பத்துப் பேர், நான் மட்டும் எதற்கு என்பார்கள். வேரில் வெந்நீர் ஊற்றினால் மரம் அன்றைக்கே சாய்வதில்லை. யார் வீட்டுக்கும் நோட்டீஸ் வராததால் தெருவில் இறங்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

ட்ரூமன் 1948-இல் இதை ரத்து செய்வேன் என்று சொல்லி ஜெயித்தார். இரு அவைகளும் அவர் கட்சிக்கே வந்தன. முடியவில்லை. அதன் அவசரகாலப் பிரிவைப் பயன்படுத்தி அவரே வேலைநிறுத்தங்களைத் தடுத்தார். 1965-இல் ஜனாதிபதி ஜான்சனுக்கு செனட்டில் 68 ஜனநாயகக் கட்சியினர் இருந்தார்கள். 14(பி)-ஐ நீக்கும் மசோதா கீழவையில் தேறியது. செனட்டில் குடியரசுக் கட்சித் தலைவர் எவரெட் டர்க்சன் தலைமையில் பேசிப் பேசியே அதை நடக்கவிடாமல் செய்தார்கள். பிலிபஸ்டர் என்பது இதுதான். விவாதத்தை முடித்துவைக்க அன்று மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 1975 முதல் 100 பேரில் 60 வாக்கு. 1978-இல் ஜனாதிபதி கார்ட்டர் தொழிலாளர் சட்டத்தைச் சங்கங்களுக்குச் சாதகமாகத் திருத்தப் பார்த்தபோது 58 வரைதான் எட்டியது.

இந்த 60 என்ற எண்தான் என் பார்வையில் முக்கியம். பழமைவாதிகள் தங்களுக்குத் தடை என்று குறைப்பட்டுக்கொள்ளும் அதே விதிதான் அவர்கள் போட்ட பூட்டுக்கும் காவல் நிற்கிறது. 1950-களின் நடுவில் மூன்று தொழிலாளர்களில் ஒருவர் சங்கத்தில் இருந்தார். 2024-இல் பத்தில் ஒருவர்கூட இல்லை. ஆலைகள் வெளிநாடு போனதும் இதற்குக் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் இன்றும் 26 மாநிலங்களில் அந்த ஒற்றை வாக்கியம் வேலை செய்துகொண்டிருக்கிறது. கார் ஆலைகளின் மிச்சிகன் 2012-இல் அந்த வரிசையில் சேர்ந்து 2023-இல் விலக முடிவெடுத்தது. அப்படி விலகிய மாநிலம் அதற்கு முன் 1965-இன் இண்டியானாதான். அதுவும் 2012-இல் திரும்பிப் போய்விட்டது.

1981-இல் ரீகன் வருமான வரியைக் குறைத்தார். அந்த விகிதங்களைப் பின்வந்தவர்கள் பலமுறை மாற்றிவிட்டார்கள். விலைவாசி ஏறும்போது வரிப்படிகளும் தானாக ஏறும் என்று அதே சட்டத்தில் எழுதியது மட்டும் நிற்கிறது. கருக்கலைப்பு விஷயத்தில் 2022-இல் கிடைத்தது நீதிமன்றத் தீர்ப்பு. அது வேறு கதை.

எனக்கு மனம் பொறுக்காத ஒன்று, ஏழைகளுக்கான உதவித்தொகையை மாற்றிய 1996-இன் பொதுநலச் சட்டம். குடியரசுக் கட்சி காங்கிரஸ் அனுப்பிய இரண்டு மசோதாக்களை வீட்டோ செய்த கிளிண்டன், மூன்றாவதில் ஆகஸ்ட் 22 அன்று கையெழுத்திட்டார். அதைப் பொறுக்காமல் அவருடைய நிர்வாகத்தில் உயர்பதவியில் இருந்த பீட்டர் எடல்மன் ராஜினாமா செய்தார். 1935 முதல் ஏழைத் தாய்மார்களுக்குத் தகுதி இருந்தால் பணம் உண்டு என்றிருந்தது. பஞ்ச காலத்தில் கேட்பவர் கூடினால் நிதியும் கூடும். புதிய சட்டம் மாநிலங்களுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைக் கட்டி வைத்தது. ஒரு குடும்பத்துக்கு மத்திய நிதியில் வாழ்நாளில் 60 மாதம்தான் என்ற வரம்பும் வந்தது. பணத்தை வேறு பலவற்றுக்கும் திருப்பலாம். மிசிசிப்பியில் இந்த நிதியிலிருந்து பல்கலைக்கழகக் கைப்பந்து அரங்கம் ஒன்றுக்குப் பணம் போனதை 2020-இல் மாநிலத் தணிக்கைத் துறை வெளியே கொண்டுவந்தது.

அந்தச் சட்டத்தை ஒழிக்க யாரும் பெரிதாக முயலவும் இல்லை. 1996-இல் கட்டிய தொகை சுமார் 1,650 கோடி டாலர். அப்போதிருந்து விலைவாசி ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. குழந்தையோடு அலுவலக வாசலில் நிற்கும் தாய்க்காக மத்திய அரசு மாநிலங்களுக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் தொகை இன்னும் அதே 1,650 கோடியில்தான் நிற்கிறது.

வணக்கம்.