பெண்ணையாறு போய்ச் சேருகிற ஊர்

நேயர்களுக்கு வணக்கம். நான் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டணத்துக்காரன். எங்கள் ஊர்ப் பேரைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் இரண்டு விதத்தில் ஏமாறுவார்கள். காவேரி ஓடும் என்று நினைப்பார்கள், ஓடுவது தென்பெண்ணை. பட்டணம் என்பதால் கடல் இருக்கும் என்று நினைப்பார்கள், கடலைப் பார்க்க நாங்கள் ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் உட்கார வேண்டும். அந்தப் பகலைத்தான் நான் வருஷத்துக்கு ஒருமுறை செலவு பண்ணுகிறேன். கையில் ஒரு பை நிப்பட்டு, அதாவது எங்கள் பக்கத்துத் தட்டை, திருவண்ணாமலை வழியாகக் கடலூர்.

ஏன் கடலூர் என்றால், நம் ஆறு அங்கேதான் போய்ச் சேருகிறது. நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணை, அப்புறம் கிருஷ்ணகிரி அணை, எங்கள் ஊர், சாத்தனூர், திருக்கோவிலூர் என்று வந்து கடலூருக்கு வடக்கே தாழங்குடா பக்கம் கடலில் கலக்கிறது. நம்மில் எத்தனை பேர் அந்த முகத்துவாரத்தைப் பார்த்திருக்கிறோம்? டேமுக்குப் போய் மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு வருகிறோம், அதோடு சரி.

கடலூர் என்றால் கடல் இருக்கிற ஊர் என்று நானும் நினைத்திருந்தேன். பழைய பேர் கூடலூர். கெடிலம், உப்பனாறு, பரவனாறு என்று ஆறுகள் வந்து கூடுகிற இடம். வெள்ளைக்காரன் Cuddalore என்று எழுதிய எழுத்தைப் பார்த்தால் அந்தக் கூடல் இன்னும் தெரியும்.

முதல் தடவை போனபோது ஒரு டவுன் பஸ் பலகையில் 'குண்டு உப்பலவாடி' என்று போட்டிருந்தது. உப்பலவாடி புரிகிறது, அது என்ன குண்டு? பக்கத்தில் நின்ற பெரியவரைக் கேட்டேன். "பீரங்கிக் குண்டுதாங்க தம்பி" என்றார். கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்தேன். இல்லை, நிஜம்.

விஷயம் இதுதான். 1690ஆம் வருஷம். செஞ்சியில் மராட்டியர் ஆட்சி, சிவாஜியின் மகன் ராஜாராம் அங்கே இருக்கிறார். கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் அவர்களிடம் விலைக்கு வாங்கினார்கள். கோட்டை சரி, சுற்றியுள்ள நிலம் எவ்வளவு? இங்கேதான் வேடிக்கை. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரைக்கும் கம்பெனிக்கு என்று பேச்சு. நாம் நிலம் வாங்கினால் சங்கிலி பிடித்து அளக்கிறோம், கல் நடுகிறோம், அப்படியும் வரப்புத் தகராறு பேரன் காலம்வரை ஓடுகிறது. இவர்கள் அளவுகோலாகக் குண்டை வைத்தார்கள்! சரி, எந்தப் பீரங்கி? அதை விற்றவர் சொல்லவில்லை போல. வாங்கினவன் சும்மா இருப்பானா, சென்னையிலிருந்து பெரிய வெண்கலப் பீரங்கியையே வரவழைத்தான், கைதேர்ந்த ஆளை வைத்து நாலா பக்கமும் சுட்டான். குண்டு விழுந்த இடம்வரை இருந்த கிராமங்களெல்லாம் கம்பெனி கிராமம். ஜனங்கள் அவற்றை குண்டு கிராமம் என்றார்கள். முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, கம்பெனியும் போயிற்று, கோட்டையும் போயிற்று, குண்டு மட்டும் பஸ் பலகையில் இருக்கிறது. கடலூருக்குள் குண்டுசாலை என்று ஒரு சாலையும் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

அந்தக் கோட்டைதான் செயின்ட் டேவிட் கோட்டை. 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது கம்பெனிக்கு இதுதான் தலைமை இடம், 1752 வரை. ராபர்ட் கிளைவ் கொஞ்ச நாள் இங்கே கவர்னர். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து பிடித்து இடித்துப் போட்டார். இப்போது கெடிலக் கரையில் மிச்சம் தேடினால்தான் கிடைக்கும். நம் பக்கத்துத் தொடர்பும் ஒன்று உண்டு. நம்முடைய பாராமகால், அதாவது கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துச் சீமை, மைசூர் ஐதர் அலி கையில் இருந்த அதே காலத்தில், 1782இல், அவருடைய படையோடு சேர்ந்துதான் பிரெஞ்சுக்காரர்கள் கடலூரைப் பிடித்தார்கள். பத்தே வருஷம், 1792இல் பாராமகாலே கம்பெனிக்குப் போய்விட்டது. நம்மை அளக்கக் குண்டு தேவைப்படவில்லை, ஒரு உடன்படிக்கை போதும் என்று ஆகிவிட்டது.

பீரங்கியிலேயே நேரம் போய்விட்டது. கோயிலுக்கு வருவோம். திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயில் ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. பாதிரி மரம்தான் தலமரம், ஊர்ப் பேரும் அதிலிருந்து. அப்பரைக் கல்லில் கட்டிப் பல்லவ ராஜா கடலில் போட்டான் என்ற கதை உங்களுக்குத் தெரியும். அந்தக் கல் தெப்பமாக மிதந்து வந்து கரை சேர்ந்தது இங்கே என்கிறார்கள். கரையேறிய இடத்துக்குப் பேர் 'கரையேறவிட்ட குப்பம்'. பாருங்கள், மறுபடியும் பேரிலேயே கதை! அங்கிருந்து நேரே கோயிலுக்கு வந்து, தாயும் நீ தகப்பனும் நீ என்று பாடினாராம். அதற்கு முன்னால் அவரே சமணராக இருந்தவர். இந்த ஊரில் 5ஆம் நூற்றாண்டிலேயே சமணர்கள் உட்கார்ந்து நூல் எழுதியிருக்கிறார்கள்.

போவதானால் தை 5ஆம் தேதி போங்கள். ஆற்றுத் திருவிழா. சுற்று வட்டாரக் கோயில் சாமியெல்லாம் பெண்ணைக்கும் கெடிலத்துக்கும் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கும். மணலில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். சுருளிக்கிழங்கு விற்பார்கள், அதை நம் பக்கச் சந்தையில் நான் பார்த்ததில்லை. ஒரு கிழங்கை வாங்கி அப்படியே கடிக்கப் போனேன். விற்ற அம்மா, "ஐயோ சாமி, வேகவெச்சுத் தின்னணும்" என்று கையிலிருந்து பிடுங்காத குறை. எங்கிருந்து வர்றீங்க என்று கேட்டார். பெண்ணை வருகிற வழியிலிருந்துதான் என்றேன். உடனே, "அப்போ எங்களுக்குத் தண்ணி விடுறது நீங்கதானா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

2024 டிசம்பரில் அந்தக் கேள்விதான் எனக்கு நினைவு வந்தது. ஃபெஞ்சல் புயலில் நம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. அவ்வளவும் சாத்தனூருக்குப் போய், அங்கிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். கடலூர்ப் பக்கம் பெண்ணைக் கரை ஊர்களுக்குள் தண்ணீர் புகுந்தது. நம் மழை அவர்கள் வீட்டுக்குள். கெலவரப்பள்ளியில் கழிவுநீரால் பொங்குகிறதே நுரை, அதுவும் இதே வழியில்தான் போகவேண்டும்.

ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இன்னும் இரண்டு நிமிஷம்தான். திருவந்திபுரம் தேவநாதப் பெருமாளை விடக்கூடாது, கெடிலக் கரை, எதிரே 74 படி ஏறினால் ஹயக்ரீவர், முகூர்த்த நாளில் போனால் கல்யாணக் கூட்டத்தில் உள்ளே நுழைய முடியாது, அதனால் சாதாரண நாளில் போங்கள். தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்குச் சாயங்காலம் போங்கள். பிச்சாவரம் கொஞ்சம் தெற்கே, சிதம்பரம் தாண்டி. அலையாத்திக் காடு, துடுப்புப் படகில் போனால் வேர்களுக்குள்ளேயே புகுந்து போகலாம், சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் கொடுத்த தில்லை மரம் அங்கேதான் இருக்கிறது, அதன் பால் கண்ணில் படக்கூடாது, குழந்தைகளைக் கிளையை ஒடிக்க விடாதீர்கள். காலையில் வெயிலுக்கு முன்னால் படகு ஏறுங்கள், தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். நிப்பட்டை மட்டும் கரையிலேயே தின்று முடித்துவிடுங்கள், படகில் ஈரக்காற்றுக்கு நமத்துப்போகும். வணக்கம்.