பத்திரம் பதிவாகும்வரை கூலி இல்லை: நெல்லையில் மனை விற்பனை ஆலோசகரின் வேலை

வணக்கம். திருநெல்வேலி, பாளையங்கோட்டைப் பகுதியில் மனை வாங்கியவர்களுக்கு ஓர் ஆலோசகரையாவது தெரிந்திருக்கும். அவருடைய வேலை எப்படி நடக்கிறது, அதற்கு எத்தகைய குணம் வேண்டும் என்பதை இந்த வீடியோவில் பார்ப்போம்.

(திரையில்: சார்பதிவாளர் அலுவலக வாசல், காத்திருக்கும் மக்கள்)

மனைப்பிரிவு நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்குச் சிறு சம்பளமும் மாத இலக்கும் உண்டு. தனியாகத் தொழில் செய்பவருக்கோ, கிரயப் பத்திரம் பதிவான பிறகே கமிஷன் கைக்கு வரும். விலையில் ஒன்று, இரண்டு சதவீதம் என்று முன்பே பேசிக்கொள்வது வழக்கம். அதுவரை ஆகும் பெட்ரோலும், பேசும் போனும், வெயிலில் அலைந்து இடம் காட்டுவதும் அவருடைய சொந்தக் கணக்கில்தான் சேரும். ஆடி மாதத்தில் பெரும்பாலோர் பத்திரம் போட மாட்டார்கள். ஆவணி பிறந்து முகூர்த்த நாள் வந்துவிட்டால் டோக்கன் கிடைப்பதே பெரும்பாடு. ஆகவே, சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் இந்தத் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது. அந்த அவசரத்தை ஒருவர் எப்படிக் கையாள்கிறார் என்பதில்தான் அவருடைய தரம் தெரியும் என்பது என் கருத்து.

(திரையில்: வில்லங்கச் சான்றின் ஒரு பக்கம்)

முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று (அந்தச் சொத்தின் மீதான பதிவுகளின் பட்டியல்) போட்டுப் பார்க்கும்போது, வங்கியில் பத்திரத்தை அடமானமாக ஒப்படைத்த பதிவு ஒன்று இருக்கிறது. கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் மட்டும் அதற்குப் பின் எங்கும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். "அது எப்பவோ அடைச்சாச்சு, அண்ணாச்சி" என்று விற்பவர் சொல்வார், அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனாலும் நல்ல ஆலோசகர் அந்த வரியில் விரலை வைத்து, ரசீதைப் பதிவு செய்த பிறகு அட்வான்ஸ் பேசலாம் என்பார். அதனால் அவருடைய கமிஷன் சில வாரம் தள்ளிப்போகும், சில சமயம் பார்ட்டியே கைவிட்டுப் போகும்.

தாய்ப்பத்திரம் (சொத்தின் முந்தைய பத்திரம்), பட்டா, புலப்படம் (நில அளவை வரைபடம்) ஆகியவற்றையும் அவர் இப்படித்தான் ஒப்பிடுகிறார். பத்திரத்தில் பத்து சென்ட், அதாவது 4,356 சதுர அடி என்றிருக்கும். சங்கிலி பிடித்து அளந்தால் குறையும். அங்கீகாரம் பெறாத மனை 2016 அக்டோபர் 20-ஆம் தேதிக்கு முன் வீட்டுமனையாகப் பதிவாகியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும் என்பதும், அதை விற்றுத்தரும் முகவரும் தனியாகப் பதிவு பெற வேண்டும் என்பதும் 2016-ஆம் ஆண்டுச் சட்டம். முன்பணத்தில் 20,000 ரூபாயையோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் இடம் தராது என்பதை விற்பவருக்கு எடுத்துச் சொல்வதும் பெரும்பாலும் இவர்தான்.

(திரையில்: தாமிரபரணிக் கரை)

காகிதத்தில் இல்லாத விஷயங்களும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருக்கெடுத்து, கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. அதிலிருந்து, "இங்க தண்ணி வந்துச்சா?" என்று கேட்காமல் மனை பார்ப்பவர்கள் குறைவு. விபரமான ஆலோசகர் இந்தக் கேள்வியை மனையின் சொந்தக்காரரிடம் கேட்பதில்லை. பக்கத்து வீட்டுத் திண்ணையில் இருக்கும் ஆச்சியிடம் கேட்கிறார், சுவரில் எதுவரை தண்ணீர் நின்றது என்று அவர் கையை உயர்த்தியே காட்டிவிடுவார். தெரு நேராக வந்து முட்டும் தெருக்குத்து மனையா, வண்டி போக எத்தனை அடிப் பாதை, அந்தப் பாதை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்பனவும் நேரில் நின்றால்தான் தெரியும். (தெருக்குத்தில் நம்பிக்கை இல்லாதவர்கூட, நாளை விற்கும்போது விலை குறையுமே என்று அதைத் தவிர்ப்பார்.)

வாங்குபவர் துபாயிலோ மும்பையிலோ இருந்துகொண்டு வீடியோ காலில் இடம் பார்ப்பது இப்போது சாதாரணம். கேமராவைப் புது ஆர்ச் வாசலை நோக்கிப் பிடிப்பதா, பின்னால் ஓடும் வாய்க்காலை நோக்கியும் திருப்புவதா என்பது ஆலோசகரின் கையில் இருக்கிறது. வாய்க்காலைக் காட்டாதவர் அந்த ஒரு மனையை விற்றுவிடலாம். ஆனால் நெல்லையில் மனை பெரும்பாலும் மச்சான், சித்தப்பா, உடன் வேலை பார்ப்பவர் என்று சொந்த பந்தங்களின் வாய்வழியாகவே விற்கிறது, மழைக்காலம் வந்ததும் அவருக்கு அந்த வழி அடைபட்டுவிடும்.

பதிவு நாளில் வாங்குபவர் பொதுவாக 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் செலுத்துகிறார், ஆலோசகர் கமிஷனை வாங்கிக்கொள்கிறார். பெரிய நிலத்திலிருந்து தனியாகப் பிரித்து உட்பிரிவு செய்ய வேண்டிய நிலமாக இருந்தால் சர்வேயர் வந்து அளந்த பிறகே புதுப் பட்டா கிடைக்கும். பணம் கைக்கு வந்த பின்னும் அந்த அளவை நாளில் வந்து நிற்கிறாரா என்று, அவரிடம் முன்பு வாங்கியவர்களிடம் விசாரித்துப் பாருங்கள்.